தங்கச்சியின் பங்கு

திருநீற்றுப் புதன்

காலைத் திருப்பலியில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன். போன வருடத்துக் குருத்தோலையை எரித்து எடுத்த சாம்பல். எனக்கு அறுபது கடந்துவிட்டது. திருச்சபைச் சட்டப்படி இனி நோன்பு கட்டாயமில்லை. 18 வயது நிறைந்ததில் இருந்து அறுபதாம் வயது தொடங்கும் வரைதான் அந்தக் கடமை. புலால் தவிர்ப்பதற்கு அப்படி முடிவு வயது கிடையாது. எங்கள் வீட்டில் தவக்கால நாட்களில் மீனையும் விட்டுவிடுவோம். கஞ்சி, பயறு, காணத்துவையல். சின்ன வயதிலிருந்தே பழகியதால் இது எனக்கு ஒரு பாரமே இல்லை. பாரமில்லாத ஒன்றைத்தான் வருடா வருடம் ஆண்டவருக்குக் கொடுத்து வருகிறேன்.

முதல் வாரம், வெள்ளி

இன்றைய நற்செய்தி மத்தேயு ஐந்தாம் அதிகாரம். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாக வேண்டும் என்கிறார் இயேசு. எத்தனையோ தடவை கேட்ட பகுதி. இன்றுதான் ஒன்று உறைத்தது. உனக்கு அவன்மேல் கோபம் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்கிறார். எனக்குத் தங்கச்சிமேல் எந்தக் கோபமும் இல்லை. அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகவே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் சிலுவைப்பாதை. பத்தாம் தலத்தில் ஆண்டவரின் ஆடைகளைக் களைகிறார்கள். படைவீரர் அவற்றை நான்கு பங்காக்கி, தையலில்லாத அங்கிக்குச் சீட்டுப் போட்ட இடம். முழந்தாளில் நின்றபடி அப்பாவின் தென்னை விளையை நினைத்தேன்.

இரண்டாம் வாரம், வியாழன்

இன்று செல்வரும் ஏழை லாசரும் வாசகம். அந்தச் செல்வர் லாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஒரு சொல் இல்லை. வாசலில் கிடந்தவனை அவர் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

விளைக் கதையை எழுதிவிடுகிறேன். எங்கள் குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். அங்கே 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின் பொதுவிதிப்படி மகளுக்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும், மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று தீர்ப்புச் சொன்னது. அப்பா இறந்தது அதற்குப் பிறகு. உயில் இல்லை. சட்டம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். “நகையெல்லாம் போட்டுத்தானே கெட்டிக் குடுத்தோம்” என்று ஊரில் எல்லா அண்ணன்மாரும் சொல்வதையே நானும் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

மூன்றாம் வாரம், சனி

ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போனேன். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவற்றை மனப்பாடம் செய்தோம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவங்களைச் சொல்வது, அபராதம் தீர்ப்பது. கடைசியில் உள்ளதை மூன்று அருள் நிறைந்த மந்திரத்தோடு முடித்தே எனக்குப் பழக்கம். சாமி சின்ன வயதுக்காரர். முழுவதையும் கேட்டுவிட்டு, “விளை இன்னும் உங்க பேர்லதானே இருக்கு?” என்றார். “ஆமா சாமி.” “அப்ப என்ன செய்யணும்னு உங்களுக்கே தெரியும்.” எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனின் மனஸ்தாபம் வெறும் பாவனை என்று புனித அகுஸ்தினார் கண்டிப்பாக எழுதியிருக்கிறார். சாமி அவ்வளவு கடுமையாகப் பேசவில்லை. ஆனாலும் அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எனக்கு ஒளிய இடமில்லை.

நான்காம் ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். பாதி விளையை, கிணற்றுப் பாத்தியதையோடும் வழியோடும், அவள் பேருக்கு எழுதப்போவதாகச் சொன்னேன். அவள் அழவில்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நான் ஒப்பு போட்ட அன்னைக்கு உங்க வீட்டுல நெய்மீன் கொழம்பு வச்சிருந்தாங்க அண்ணே. எனக்குன்னு தலைத்துண்டு எடுத்து வச்சீங்க” என்றாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவளுக்கு எந்தத் துண்டு என்பது வரை நினைவிருக்கிறது. “அம்மா இருக்கும்போதே செஞ்சிருக்கலாம்” என்றாள் பிறகு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் மன்னித்துவிட்டாளா என்று தெரியாது. மன்னித்தே ஆகவேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

ஐந்தாம் வாரம், புதன்

சார்பதிவாளர் அலுவலகத்தில் செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானது. என் மகனுக்கு வருத்தம். “யாரும் கேக்காததை ஏன்பா குடுக்கணும்?” என்றான். அத்தை கேட்காததுதான் என் பாவத்தின் கனம் என்று சொன்னேன். அவனுக்கு ஒருநாள் புரிய வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இரவு கர்த்தர் கற்பித்த செபத்தில், எங்கள் குற்றங்களை மன்னியும் என்ற இடத்தை இத்தனை வருடமும் போல விரைந்து கடக்கவில்லை. கேட்பதைக் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தது. என் விசுவாசம் இவ்வளவு நாளும் எங்கே அடைபட்டுக் கிடந்தது என்பதும் தெரிந்தது.

பெரிய வியாழன்

பாதம் கழுவும் சடங்கு முடிந்ததும் பங்குச்சாமியைப் பார்த்தேன். தவக்காலத்தில் ஒப்புரவு வழிபாட்டுக்கு ஆத்தும சோதனைக்கென்று ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கிறோம். சினிமா, குடி, பொய், ஞாயிறு பூசை தவறியது எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த வருடம் இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னேன்: உடன்பிறந்த பெண்களுக்கு உரிய பங்கைக் கொடுத்தாயா? சேர்ப்பதாகச் சொன்னார். மற்றப் பங்குகளில் இருப்பவர்களும் தங்கள் சாமியிடம் இதைக் கேட்க வேண்டும்.