பொதிகை நடையின் மூன்று நாள்கள்

புறப்படுமுன்

அறநடை என்பது, நெடுந்தொலைவு நடக்க முற்படுபவர் உற்றார் உறவினரிடம் தம் நடையின் பேரில் பொருள் திரட்டி, அதைப் பொதுக்காரியம் ஒன்றுக்கு அளிக்கும் முறையாகும். ஹாங்காங்கில் 1981ஆம் ஆண்டு கூர்க்காப் படையினரின் பயிற்சியாகத் தொடங்கிய டிரெயில்வாக்கர் நடை, 1986இல் ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனத்தின் துணையோடு பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. நால்வர் சேர்ந்து 100 கி.மீ. மலைவழியை 48 மணி நேரத்துக்குள் கடப்பது அதன் விதி. சிற்றாற்றுப் பாசனத்தில் வாழும் கீழப்பாவூரின் நண்பர் இருவர் அத்தகைய நடையொன்றை மேற்கொள்ள விரும்பினால், ஹாங்காங்கை நாட வேண்டியதில்லை. பொதிகையின் உச்சியான, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் அருகிலேயே உள்ளது.

முதல் நாள்

பாவூர்சத்திரத்தில் பேருந்து ஏறித் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, விதுரை என வளைந்து, நடை தொடங்கும் போனக்காட்டை அடைவதற்கே பயணத்தின் பெரும்பொழுது செலவாகிவிடுவதால், முந்திய நாளே புறப்படுதல் நலம். கேரள வனத்துறையின் அனுமதி பெற்றோர் மட்டுமே நடக்கலாம். பெண்களுக்கு இருந்த தடை உயர் நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கிய பின், 2019 ஜனவரியில் தன்யா சனல் என்னும் பெண் உச்சியை அடைந்தார். அன்றைய நடை அதிருமலை முகாமில் முடிகிறது.

இரண்டாம் நாள்

பொங்காலைப் பாறையைக் கடந்தால் வழி செங்குத்தாகி, கயிற்றைப் பற்றியே பாறையில் ஏற வேண்டியதாகிறது. ஒருவர் ஏறி முடிக்கும்வரை மற்றவர் கீழே காத்திருக்கும் அந்த இடங்களில்தான் நட்பு என்பது வெறும் பேச்சுத் துணையன்று என்பது விளங்கும். உச்சியில் அகத்தியர் சிலை உண்டு.

ஆயினும் இந்த மலையின் பெரிய செய்தி உச்சியில் இல்லை. 1987 டிசம்பரில் புஷ்பாங்கதன் தலைமையில் இக்காட்டுக்குள் ஆய்வுக்கு வந்த அறிவியலாளர் களைத்துச் சோர்ந்தபோது, உடன் வந்த காணிக்காரர் (இம்மலைகளின் பழங்குடியினர்) சிறு காய்களைத் தின்றபடி தளராமல் நடந்தனர். அவர்கள் தந்ததைத் தின்ற அறிவியலாளருக்கும் தெம்பு பிறந்தது. இனத்தின் இரகசியம் என்று தயங்கிய பின்னரே அவர்கள் செடியைக் காட்டினர். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதன் இலையைக் கொண்டு பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, அதைத் தயாரிக்கும் உரிமத்தை 1995இல் 10 இலட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் 2 விழுக்காட்டு உரிமைத்தொகைக்கும் மருந்து நிறுவனமொன்றுக்கு வழங்கியது. அவற்றில் பாதி காணிக்காரருக்கு என ஒப்புக்கொள்ளப்பட்டது. அறிவைத் தந்தவருக்கு வருவாயில் பங்கு என்னும் இம்முறை நன்கொடையன்று, கடன்தீர்ப்பு. அறநடையாளர் பலர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாம் நாள்

இறக்கத்தில் முழங்கால் வலியைத் தவிர எழுதுவதற்கு அதிகமில்லை. வாகனம் மீண்டும் பாலோட்டைக் கடக்கும்போது, காணிக்காரருக்கான அறக்கட்டளை 1997இல் உருவானதையும், இப்பாதையில் வழிகாட்டுவோரில் காணிக்காரரும் இருப்பதையும் நினைவில் கொள்வது பொருத்தம். அடுத்த பருவத்தில் கீழப்பாவூரிலிருந்து நிதி திரட்டி மலையேறுவோர், அத்தொகையின் முதற் பங்கைக் காணிக்காரருக்கு ஒதுக்குவார்களாக.