சாதா பெட்ரோலே போடு

ரமணாசிரமம் பகுதி,
திருவண்ணாமலை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. கார் முன்னைப்போல இழுக்கவில்லை, மைலேஜும் குறைந்துவிட்டது, கூடக் காசு கொடுத்து 95 பெட்ரோல் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா.

95 என்பது சக்தியின் அளவு இல்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற ஆக்டேன் எண். தாங்காவிட்டால் இன்ஜின் தட்டும். நான் பத்மினி டாக்சி ஓட்டிய நாளில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஜமுனாமரத்தூர் மலை ஏறினால் டக்டக்கென்று கேட்கும். டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்கு வைப்பேன். தட்டல் அடங்கும், இழுவையும் போய்விடும். இன்று அதை வண்டியின் கம்ப்யூட்டரே செய்கிறது. டர்போ மாதிரி அழுத்தம் கூடிய இன்ஜினுக்குத்தான் உயர்ந்த ஆக்டேனால் பலன். உன் 2016 வண்டிக்கு அது தேவையில்லை.

மைலேஜ் குறைந்ததற்குக் காரணம் எத்தனால். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். அதனால் சாதா பெட்ரோலே 95-ஐத் தொட்டுவிட்டதாகப் பெட்ரோலிய அமைச்சகம் சொல்கிறது. ஆனால் எத்தனாலில் வெப்பச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் நீயே கணக்குப் போடு: கலப்பில்லாத பெட்ரோலில் 100 கிலோமீட்டர் ஓடிய இடத்தில் 93, 94தான் ஓடும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் பழைய கார்களுக்கு இதே கணக்கைத்தான் சொன்னது.

எத்தனால் கரும்பிலிருந்தும் வருகிறது; கரும்பு போட்டவருக்கு இதில் காசு போவது எனக்குச் சந்தோஷம்தான். கலசப்பாக்கம் பக்கம் நம் ஆட்களும் கரும்புக்காரர்கள். ஆனாலும் பழைய வண்டி வைத்திருப்பவனுக்குக் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும். அதைக் கேட்டுப் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது எனக்கு வருத்தமே.

இழுவை நீ சொல்கிற அளவுக்குக் குறைந்திருந்தால் பெட்ரோல் மட்டும் காரணமாக இருக்காது. ஏர் ஃபில்டர், பிளக், டயர் காற்று மூன்றையும் பார்க்கச் சொல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்காதே.

பௌர்ணமி கழிந்து வா. கிரிவலக் கூட்டத்தில் செங்கம் ரோட்டில் வண்டியைக் கொண்டுவர முடியாது. எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கலாம் என்பதால் பெட்ரோல் ஹோஸை நானே தொட்டுப் பார்க்கிறேன். வெடிப்போ ஊறலோ தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம். வரும்போது செஞ்சியில் நிறுத்தி ஏதாவது சாப்பிடு.

அன்புடன்,
அப்பா