ஒரு வீட்டுக்கு ஒரு சீசன் டிக்கெட்

மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. 2023 டிசம்பர் கடைசியில் ஒரு நாள், விடியற்காலை நாலரை மணிக்கு என் மாமியாரும் நானும் மயிலாப்பூர்ப் பக்கத்துச் சபா ஒன்றின் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். அன்று மாலைக் கச்சேரிக்கான பால்கனி டிக்கெட்டுகள் காலை ஏழு மணிக்குக் கொடுப்பார்கள். எங்களுக்கு முன்னால் முப்பத்தொரு இடம். அதில் ஆட்கள் இருபத்தைந்து பேர். மீதி ஆறும் ஒரு செங்கல், இரண்டு மஞ்சள் பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஹெல்மெட், மேலே கல் வைத்த ஒரு பழைய செய்தித்தாள். அந்தச் செங்கல்லுக்கு எங்களைவிட உரிமை அதிகம் என்பது போகப் போகத் தெரிந்தது. அது மூன்றரை மணிக்கே வந்துவிட்டதாம்.

எங்களையும் சேர்த்துப் பெண்கள் ஐந்து பேர்.

அத்தைக்கு அப்போது எழுபத்தொரு வயது. மூன்று மணிக்கே எழுந்து, இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, ஹாட்பேக்கில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். "நான் அரைக்கறேன் அத்தை" என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. பால் பாக்கெட்டை யார் எடுத்து உள்ளே வைப்பார்கள் என்ற கவலை வேறு. அரை மணிக்கு ஒருமுறை கேட்டார். வீட்டில் இரண்டு ஆண்கள், என் கணவரும் மகனும், தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாமா உயிரோடு இருந்தவரை நாங்கள் யாரும் இப்படி நிற்க வேண்டியிருக்கவில்லை. அவரிடம் சீசன் டிக்கெட் இருந்தது. முப்பது வருடத்துக்கும் மேலாக அதே வரிசை, அதே நாற்காலி. ஒரே நாற்காலி. மார்கழி பிறந்தால் ஐந்து மணிக்குக் காபி, ஐந்தரைக்கு வேட்டி, ஆறுக்குக் கிளம்பிவிடுவார். இரவு பத்து மணிக்குத் திரும்பி வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, என்ன பாடினார்கள் என்று சொல்வார். "மெயின் பைரவி. பிரமாதம்." அத்தை மோர் ஊற்றிக்கொண்டே, "ஆரம்பத்தைப் பாடிக் காட்டுங்க" என்பார். அவர் முனகுவார். "இது பைரவி இல்லியே, மாஞ்சி மாதிரி இருக்கே" என்பார் அத்தை. மறுநாள் இந்து பேப்பரில் விமர்சனம் வந்தால் யார் சொன்னது சரி என்று தெரியும். பெரும்பாலும் அத்தை சொன்னதுதான். வானொலியில் கேட்டே வளர்ந்த காது அது. "நாப்பது வருஷமா கச்சேரி கேட்டிருக்கேன், கச்சேரிக்குப் போனதில்ல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னார்.

மாமா 2022இல் இறந்தார். அடுத்த சீசனுக்கு முன்னால் அந்த நாற்காலியைத் தன் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேட்க அத்தையே சபாவுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பெயர் வேண்டாம், இந்த ஊர்க்காரர்கள் எந்தச் சபாவை வைத்தும் படித்துக்கொள்ளலாம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, சந்தா அவர் பேர்ல இருந்துது. அவரோட அது முடிஞ்சுபோச்சு. உங்க பையன் லெட்டர் எழுதிக் குடுத்தா அடுத்த வருஷம் பாக்கலாம்." என் கணவருக்குச் சங்கீதத்தில் எந்த ஆர்வமும் இல்லை. அதை அவரிடம் சொன்னோம். "அதனால என்ன, அவர் பேர்ல எடுத்து நீங்க வந்து உட்காருங்களேன்" என்றார். யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் உதவி செய்யத்தான் நினைத்தார். ஆனாலும் அத்தை எழுந்துவிட்டார்.

அதனால்தான் வரிசை.

வரிசை நியாயமானது என்றுதான் நாம் எல்லாரும் நம்புகிறோம். முதலில் வந்தவருக்கு முதலில். பணக்காரரும் ஏழையும் ஒரே கியூவில். பரிந்துரை, சாதி, உறுப்பினர் அட்டை எதுவும் செல்லாது. நானும் வகுப்பில் இப்படிச் சொல்லியிருக்கிறேன். அன்று விடியற்காலையில் ஐந்து பெண்களை எண்ணி முடித்தபோதுதான் உறைத்தது: வரிசையிலும் விலை இருக்கிறது. பணத்துக்குப் பதில் நேரத்தைக் கேட்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான வீடுகளில் விடியற்காலை மூன்றரையிலிருந்து ஏழு வரையிலான நேரம் பெண்ணுக்குச் சொந்தமானதில்லை. அது அடுப்புக்கு, பள்ளிக்கூட டப்பாவுக்கு, மெட்ரோ தண்ணீருக்கு ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டது. வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த ஓய்வுபெற்ற பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் வீட்டில் காபி போட்டு வைக்க ஒருவர் இருந்திருப்பார். அவருக்குச் சங்கீதம் பிடிக்குமா என்று யார் கேட்டது?

பெண்கள் வரிசையில் நிற்கத் தெரியாதவர்கள் அல்ல. ரேஷன் கடையைப் பாருங்கள், குழாயடியைப் பாருங்கள். வீட்டுக்காக நிற்கிற வரிசை எல்லாம் பெண்களுடையது. தனக்காக ஒன்றைக் கேட்டு நிற்கிற வரிசையில்தான் நம்மைக் காணோம்.

இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். கேட் பூட்டியிருந்தது, ஆகவே கழிப்பறை இல்லை. ஆண்கள் ஒவ்வொருவராகத் தெருமுனைச் சுவர் பக்கம் போய் வந்தார்கள். அவர்கள் இடத்தைப் பக்கத்தில் இருந்தவர் காத்தார். அத்தை முந்தின நாள் இரவு ஏழு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கவில்லை என்பது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் தெரிந்தது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்.

நான் வளர்ந்தது கும்பகோணத்துப் பக்கம். எண்பதுகளில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் பெண்களுக்குத் தனி கவுன்ட்டர் இருந்தது. ஆண்கள் பக்கம் சட்டை கிழியும். எங்கள் பக்கம் பத்து நிமிடத்தில் டிக்கெட் கைக்கு வந்துவிடும். அண்ணன்மார்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, ரெண்டு டிக்கெட் சேத்து எடுத்துக் குடுங்கக்கா" என்று கெஞ்சுவார்கள். பெண்களைத் தனியே அடைத்து வைக்கிற புத்திதான் அந்தக் கவுன்ட்டரையும் போட்டது, மறுக்கவில்லை. ஆனால் வேலையை முடித்துக் கடைசியில் ஓடிவருகிற பெண்ணுக்கும் படம் பார்க்க வழி இருந்தது. அதை எடுத்துவிட்டு, எல்லாரும் சமம் என்று ஒரே வரிசை போட்டோம். இப்போது அந்த வரிசையும் போனுக்குள் போய்விட்டது.

அதே 2023 செப்டம்பரில் என் வகுப்பில் இரண்டு நாள் பாடமே நடக்கவில்லை. 'மறக்குமா நெஞ்சம்' பற்றித்தான் பேச்சு. ஆகஸ்ட் 12இல் மழையால் தள்ளிப்போன ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி, செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடந்தது. இடத்துக்கு மீறிய கூட்டம். டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போக முடியவில்லை. அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மான் சொன்னார், பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் அந்த நெரிசலில் தங்கள் உடம்பில் கைவைத்தார்கள் என்று பெண்கள் எழுதியிருந்தார்களே, அதற்கு எந்த நகலை அனுப்புவது என்று இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. இடத்துக்கு மேல் ஆள் சேர்ந்தால் ஆணுக்குப் பணம் நஷ்டம், மாலை நஷ்டம். பெண்ணுக்கு அடுத்த கச்சேரியும் நஷ்டம். வீட்டில் இனி அனுப்ப மாட்டார்கள். டிக்கெட் விற்பனையின் நியாயத்தைப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை.

அடுத்த ஆண்டு எங்கள் சபாவும் தினசரி டிக்கெட்டை ஆன்லைனுக்கு மாற்றியது. இனி விடியற்காலைத் தொல்லை இல்லை என்று நினைத்தேன். காலை பத்து மணிக்கு விற்பனை. எனக்குப் பத்து மணிக்கு வகுப்பு. அத்தையே செய்கிறேன் என்று உட்கார்ந்தார். பெயர், இருக்கை, கார்டு எண் எல்லாம் போட்டாயிற்று. ஓடிபி வரவில்லை. அது என் கணவரின் போனுக்குப் போயிற்று. வங்கிக் கணக்கில் இருப்பது அவருடைய எண். அவர் மீட்டிங்கில் இருந்தார். அவர் பார்த்துச் சொல்வதற்குள் டிக்கெட் தீர்ந்துவிட்டது. அதே 2024 செப்டம்பரில்தான் கோல்ட்பிளே குழுவின் மும்பைக் கச்சேரிக்கு லட்சக்கணக்கானவர்கள் கணினி வரிசையில் நின்றார்கள், சில ஆயிரம் ரூபாய் டிக்கெட் கள்ளச் சந்தையில் லட்சத்துக்குப் போனது. அதற்கு ஊரே கொதித்தது. ஓடிபி இன்னொருவர் போனுக்குப் போவதற்காக யாரும் கொதிக்கவில்லை.

குலுக்கல் போடலாமே என்று தோன்றும். விம்பிள்டன் டென்னிஸுக்கு 1924இலிருந்து குலுக்கல் முறை இருக்கிறது. யார் நேரத்தில் எழுந்தார், யாருக்கு வேகமான இணையம் என்பதெல்லாம் அதில் இல்லை. நமக்கும் புதிதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை இருக்கிறது. ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். தமிழ்த் துறையில் ஒவ்வொரு வருடமும் பெருமையோடு நடத்துகிறோம். ஆனால் அந்தக் குடத்தில் யார் பெயர் விழலாம் என்பதற்கு நில உடைமை, வயது, வேதப் படிப்பு என்று விதிகள் இருந்தன. பெண் பெயர் எழுதிய ஓலையை அந்தக் குடம் பார்த்திருக்காது. குலுக்கல் நேர்மையாக நடந்தது, சந்தேகமில்லை.

சபாக்காரர்களுக்கும் நியாயம் உண்டு. சீசன் டிக்கெட் பணமும் விளம்பரப் பணமும்தான் மதியம் இளம் பிள்ளைகளை இலவசமாகப் பாட வைக்கிறது. நான் கேட்பது பெரிய புரட்சியல்ல. வீட்டுக்கு ஒரு நாற்காலி கொடுத்தால், அதில் இரண்டு பெயர் எழுத இடம் கொடுங்கள். மாலை டிக்கெட்டில் கொஞ்சத்தை, மதியக் கச்சேரிக்குத் தினமும் வருகிறவர்களுக்கு ஒதுக்குங்கள். ஒன்றரை மணி, இரண்டு மணிக் கச்சேரிகளுக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். மேடையில் ஒரு சின்னப் பெண், எதிரே நாற்பது தலை. அதில் பாதி, மதியச் சமையலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த பெண்கள். இந்த ஊரில் மிக நன்றாகத் தாளம் போடுகிற கைகள் அவை.

மேடையில் இருக்கிற பெண்ணுக்கே நேரமாகியிருக்கிறது. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதெமி, சங்கீத கலாநிதி பட்டத்தை முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, கொடுத்தது 1968இல். எதிரே நாற்காலியில் உட்காருகிறவளின் வரலாற்றை யார் எழுதி வைத்தார்கள்? பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவுக்கு டிக்கெட்டே கிடையாது. மீனவப் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்க முடிந்தது. சபா தெரு அளவுக்குத் திறக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாற்காலியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அன்று விடியற்காலைக்குத் திரும்புகிறேன். எங்களுக்கு டிக்கெட் கிடைத்தது. பால்கனியில் பக்கத்துப் பக்கத்தில் இல்லை, நாலு வரிசை தள்ளி. மாலையில் அத்தை முன்னால், நான் பின்னால். பாடகர் ராகத்தைத் தொடங்கிய முதல் நொடியில் அத்தை திரும்பி என்னைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து ராகத்தின் பெயரைச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அதற்குப் பிறகும் போனில் தேடிக்கொண்டிருந்தார்.

இப்போது மார்கழி மதியங்களில் மந்தைவெளியிலிருந்து மகளிர் இலவசப் பேருந்து ஏறித் தியாகராய நகர் வரை தனியாகப் போய்வருகிறார். மாலைக் கச்சேரிக்கு முன்னால் அரங்கத்தைக் காலி செய்யச் சொல்வார்கள், எழுந்து வந்துவிடுவார். சென்ற மாதம் தன் பெயரில் சீசன் டிக்கெட்டுக்கு விண்ணப்பம் கொடுத்தார். மகனின் கடிதம் இல்லாமல். பெயர் என்ற இடத்தில் முதலில் 'திருமதி' போட்டு மாமாவின் பெயரை எழுதத் தொடங்கி, அடித்துவிட்டு, தன் பெயரை எழுதினார். காத்திருப்போர் பட்டியலில் இருப்பதாக ஒரு சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாமாவின் பழைய சீசன் டிக்கெட்டுகள் இருக்கிற பிஸ்கட் டப்பாவில் அதைப் போட்டு வைத்திருக்கிறார்.