பள்ளி பூட்டிக்கிடந்த நாள்களில்

2020ஆம் ஆண்டில் எம்மிடம் முதலாம் ஆண்டில் வந்து சேர்ந்த குழந்தைகள், 2025ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டு மாணவர்களாய் வளர்ந்து நின்றனர். அவர்களைக் காணுந்தோறும் எமக்கு ஒரு பாட்டியின் நினைவு வரும். அதனை இம்மலரில் எழுதிவைக்க விழைகின்றோம்.

பள்ளியை மூடுவது நம் நாட்டில் புதிதன்று. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டத்தினால் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. வெள்ளக் காலத்திலும் அப்படியே. ஆயினும், அவை சில நாள்களில் தீர்ந்துவிடும். 2020 மார்ச்சு மாதத்திலோ, பிள்ளைகள் தவணை விடுமுறையில் இருந்தபோதே, 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. விடுமுறை முடிந்து வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போன புத்தகங்கள் நான்கு மாதங்கள் அங்கேயே கிடந்தன.

முதலாம் ஆண்டுக்குப் பொறுப்பேற்றிருந்த ஆசிரியைகள் நாங்கள் இருவர். எம் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து ஏறத்தாழப் பத்து வாரங்களே ஆகியிருந்தன. உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் முடிந்து, உயிர்மெய்யில் அப்போதுதான் கால் வைத்திருந்தனர். எழுத்து கைக்கு வந்தும் வராமலும் இருக்கும் பருவம் அது. விட்டால் போய்விடுமே என்ற அச்சத்தில், நாளொன்றுக்கு ஐந்து பயிற்சித்தாள்களைப் புலனத்தின்வழி அனுப்பத் தொடங்கினோம்.

திரும்பி வந்த தாள்களைக் கண்டு முதலில் மகிழ்ந்தோம். பிறகுதான் ஐயம் எழுந்தது. ழகரத்தின் சுழி அத்தனை அழகாக ஏழு வயதுக் கையில் வாராது! அன்னையர் எழுதி அனுப்பினர் என்பது தெரிந்தும் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. தம் பிள்ளை பின்தங்கியது என்று ஆசிரியை எண்ணிவிடக் கூடாதே என்னும் கவலை அவர்களுக்கு.

ஒரு மாணவனிடமிருந்து மட்டும் மூன்று வாரமாய் ஒன்றும் வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அழைத்தோம். எடுத்தவர் அவனுடைய பாட்டி.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, டீச்சர். போனை மகன் வேலைக்குக் கொண்டுபோயிடுவான், ராத்திரிதான் வருவான். எனக்குத் தெரிஞ்சதைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றார்.

"இப்படியே விட்டால் பையன் பின்தங்கிவிடுவான், பாட்டி. கொஞ்சம் அக்கறை காட்டக்கூடாதா?" என்று கேட்டுவிட்டோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிங்க, டீச்சர்" என்ற குரல் மட்டும் வந்தது.

ஜூலை 22ஆம் நாள் கீழ்வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர். அம்மாணவன் எழுத்துகளில் பலவற்றை மறந்திருந்தான் என்பதை மறைப்பதற்கில்லை. கெ, கே இரண்டும் அவனுக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஆனால், கணிதப் பாடத்தில் ஒன்று நடந்தது. பத்துப் பத்தாய்க் கூட்டுவதற்குப் புள்ளிகள் இட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவன் எழுந்து வந்து சுண்ணக்கட்டியை வாங்கினான். நடு வரிசையில் ஏழு புள்ளி. அதன் இடுக்குகளில் மேலே ஆறு, ஐந்து, நான்கு, கீழேயும் அவ்வாறே. "முப்பத்தேழு, டீச்சர்" என்றான். நாங்கள் எண்ணிப் பார்த்தோம், சரியாக இருந்தது. எப்படிக் கண்டாய் என்று கேட்டதற்கு, மேலே உள்ள நான்கும் ஆறும் பத்து, கீழேயும் பத்து, ஐந்தும் ஐந்தும் பத்து, நடுவில் ஏழு என்று விரைந்து சொன்னான். பாட்டி வாசலில் இடும் கோலத்தில் நாள்தோறும் புள்ளி வைத்தவன் அவனாம்.

அந்த வீட்டில் பாடம் நின்றுவிடவில்லை. எங்கள் கண்ணுக்குத்தான் அது படவில்லை.

நவம்பர் 9ஆம் நாள் மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். தாள்களைக் குறைத்தோம். கைப்பேசிக்குக் காத்திராமல், வாரத்திற்கு ஒருமுறை அச்சிட்டுக் காவலர் கூடத்தில் வைத்தோம். இரவில் கைப்பேசி வீட்டுக்கு வந்தபின், பிள்ளை உரக்கப் படித்ததைக் குரற்பதிவாய் அனுப்பினால் போதும் என்றோம். பிள்ளையின் குரலில் அன்னை படித்து அனுப்ப இயலாதல்லவா!

படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்ட பெற்றோரிடம், சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளைக் காட்டச் சொன்னோம். அதில் கிழமை, தமிழ் மாதம், நல்ல நேரம், இராகு காலம் அனைத்தும் உள்ளன. 'கார்த்திகை' என்ற ஒரு சொல்லில் எத்தனை எழுத்து வேலை இருக்கின்றது!

அம்மாணவனின் பதிவொன்று எம்மிடம் இன்றும் உள்ளது. "செவ்வாய்க்கிழமை. இராகு காலம்..." என்று இழுத்து, ஏதோ ஒரு நேரத்தைச் சொல்கிறான். உடனே பின்னாலிருந்து, "தப்பு! மூணுலேருந்து நாலரை. நல்லாப் பாருடா கண்ணு" என்று பாட்டியின் குரல் கேட்கிறது. எழுத்தறியாத அவருக்கு ஏழு நாளின் இராகு காலமும் மனப்பாடம். திருத்துவதற்கு அதுவே போதுமாயிருந்தது.

எல்லாப் பிள்ளைகளிடத்தும் இது பலித்தது என்று சொல்லமாட்டோம். இருவர் மூன்றாம் ஆண்டிலும் குறைநீக்கல் வகுப்புக்குச் சென்றனர்.

2021 மார்ச்சு முதல் நாள் பள்ளி திறந்தபோது, பேரனை அழைத்துவந்த பாட்டியை வாயிலில் கண்டோம். அன்றிரவு கடுமையாய்ப் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தோம். "எப்போங்க, டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, மடித்து வைத்திருந்த நாட்காட்டித் தாளொன்றை எடுத்து நீட்டினார். "இந்த அடியிலே பொடி எழுத்திலே என்னவோ போட்டிருக்கு. இவன் தினமும் அதை மட்டும் விட்டுடறான். என்னன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

நாங்கள் அதைப் படிக்கவில்லை; அவன் கையிலேயே கொடுத்தோம். மணி அடித்தது. அவனோ வாயிலிலேயே நின்று, எழுத்தெழுத்தாய்க் கூட்டத் தொடங்கியிருந்தான்.