அகலம் கண்ணுக்கு, எண் சுமைக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் மலைகளில் அறுவடையும் பருவமழையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருகின்றன. பழம் பறிக்கத் தொடங்கும் வேளையில்தான் தோட்டத்திலிருந்து சாலைக்கு இறங்கும் மண் தடங்கள் சேறாகின்றன. நார்கண்டா, தியோக் பகுதிகளின் சரிவுகளில் பெட்டிகளைச் சுமந்து இறங்குபவற்றில் பிக்கப் வண்டிகள் மிகுதி. அத்தகைய வண்டி ஒன்றின் உரிமையாளர் தேய்ந்த டயர்களை மாற்றக் கடைக்குச் செல்கையில் இரு வகைகள் அவர்முன் நிற்கின்றன. ஒன்று அகலமானது, பார்வைக்கு மிடுக்கானது. மற்றது ஒடுங்கி உயர்ந்தது, பழைய ஜீப்பை நினைவூட்டுவது. கண் அகலத்தின் பக்கமே சாய்கிறது. அந்தச் சாய்வைச் சற்று நிறுத்தி ஆராய்வது நன்று.

டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டிருப்பது ஒரு சிறு தொடர். அதற்கும் இலக்கணம் உண்டு. 235/70 ஆர் 16 என்றால் அகலம் 235 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு, ரேடியல் கட்டமைப்பு, உள்வளையத்தின் விட்டம் 16 அங்குலம். 205 ஆர் 16 சி என்ற தொடரில் விழுக்காடு காணப்படவில்லை. வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நின்று பொருள் தருவதுபோல, 80 அல்லது 82 என்னும் எண் அங்கே தொக்கி நிற்கிறது. கணக்கிட்டால் இரண்டின் விட்டமும் ஏறத்தாழ 74 செ.மீ. உயரம் ஒன்றே, அகலத்தில் மட்டும் 30 மி.மீ. வேறுபாடு.

சுமையும் காற்றழுத்தமும் சமமாக இருந்தால் இரு டயர்களும் தரையைத் தொடும் பரப்பு பெரிதும் வேறுபடாது; வடிவமே மாறும். ஒடுங்கிய டயரின் தடம் நீண்டு குறுகியது. சேற்றில் உருளும் சக்கரம் தன் முன்னுள்ள மண்ணைத் தள்ளிக்கொண்டே செல்கிறது. அகலம் கூடக்கூட அந்த எதிர்ப்பும் கூடும். மலைத்தடங்களில் பல இடங்களில் மேலே சேறும் அடியில் கல்லும் இருக்கும். ஒடுங்கிய டயர் சேற்றைப் பிளந்து கல்லைப் பற்றுகிறது. ஆழ்ந்த மணலில் நிலைமை வேறு: அங்கே அடியில் பற்றுவதற்கு எதுவும் இல்லை, காற்றைக் குறைத்து மேலே மிதந்து செல்வதே வழி. ஜெய்சல்மேரின் மணற்குன்றுக்குப் பொருந்தும் விடை நார்கண்டாவின் சரிவுக்குப் பொருந்தாது.

இதனினும் முதன்மையானது சுமை. தொடரின் இறுதியில் வரும் குறியீட்டெண் ஒரு டயர் தாங்கும் எடையைச் சொல்கிறது: 106 எனில் 950 கிலோ, 110 எனில் 1060 கிலோ. 'சி' என்ற எழுத்து சரக்கு வண்டிக்குரிய வலுவான கட்டமைப்பைக் குறிக்கிறது. பயணிகள் வண்டிக்கென வார்க்கப்பட்ட அகல டயர், ஒடுங்கிய சரக்கு டயரைவிடக் குறைவாகத் தாங்குவது வியப்பன்று. மேற்சொன்ன இரு எண்களுக்கிடையே பின்அச்சில் மட்டும் 220 கிலோ வேறுபாடு. 20 கிலோ பெட்டிகளாக எண்ணினால் பதினொன்று. ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான வளைவில் அந்தப் பதினொரு பெட்டிகளின் கணக்கு ஓட்டுநரின் உயிர்க்கணக்காகிவிடும்.

ஒடுங்கிய டயருக்கும் குறைகள் உண்டு. உலர்ந்த தார்ச்சாலையின் விரைவான வளைவில் அகல டயரின் பிடிப்பு பெரும்பாலும் மேலானது. உயர்ந்த பக்கச்சுவர் சற்று அசையும். நிறுவனம் குறித்த விட்டத்தைத் தாண்டி உயரத்தை மேலும் கூட்டினால் வண்டியின் எடைமையம் உயரும், இழுவைத் திறன் குறையும், வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். விட்டம் 4 விழுக்காடு கூடினால், முள் 60 காட்டும்போது வண்டி 62-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே அந்த உரிமையாளர் கடையில் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று, சுமைக் குறியீட்டெண்ணை. வண்டியின் கையேடு கோரும் எண்ணுக்குக் குறைந்ததை எத்துணை அழகாயினும் விலக்கவேண்டும். எஞ்சியவற்றில், ஆண்டின் மிகக் கடினமான இரு மாதங்களில் வண்டி எந்தத் தரையில் ஓடுமோ அந்தத் தரைக்கு உரியதைத் தேர்ந்தால் போதும். எஞ்சிய பத்து மாதங்களின் தார்ச்சாலை சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். மழைக்கால மண்சரிவு பொறுக்காது.