ஒன்ஸ்மோர்

போடிநாயக்கனூரில் எங்கள் தெருவுக்கு ஏலக்காய் வாசனை என்று தனியாக ஒன்று கிடையாது. காற்று என்றாலே அதுதான். போடிமெட்டுக்கு மேலேயிருந்து மூட்டைகள் இறங்கி வரும் நாட்களில் சோற்றில்கூட அந்த வாசனை இருக்கும்.

என் தாய்மாமா ஏலக்காய்க் கடையில் எடை போடுகிறவர். பகலெல்லாம் தராசு, இருட்டிவிட்டால் பாட்டு. தாத்தா வாங்கி வைத்திருந்த கிராமபோன் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்களை அப்படியே தொண்டையில் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு கிளாஸ் உள்ளே போனால்தான் குரல் வெளியே வரும் என்பது அவர் கட்சி. கேட்க உட்கார்ந்திருந்த எங்கள் கட்சியும் அதுவே.

கிட்டப்பா இதே மலைத் தொடரின் தெற்கே, செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர். விளையாடுகிற வயதிலேயே நாடக மேடை ஏறிவிட்டார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைக்கோடியில் நிற்பவனுக்கும் பாட்டு எட்ட வேண்டும். அவர் குரல் எட்டியது. ஆண்கள் எளிதில் தொட முடியாத உயரத்தில் நின்று எட்டியது. 1926-ல் இலங்கையில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளைச் சந்தித்தார். 1927-ல் மணந்துகொண்டார். அவருக்கு முன்பே ஒரு மனைவி உண்டு. இருவரும் சேர்ந்து பாடியதை ஊர் ஊராகக் கொண்டாடினார்கள். சேர்ந்து வாழ்ந்ததோ கொஞ்ச காலம். பிறந்த குழந்தை தங்கவில்லை. மனக்கசப்பு வந்தது, பிரிவு வந்தது, குடியும் வந்து சேர்ந்தது. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி அவர் கண்மூடியபோது வயது 27. தமிழில் பேசும் படம் 1931-லேயே வந்துவிட்டது. ஒரு படத்திலும் நடிக்காமலே போய்விட்டார். நமக்கு மிஞ்சியவை, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் போல ஓடும் தட்டுகள்தாம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், “மேதைகள் அப்படித்தான்” என்று பெருமூச்சோடு முடிப்பார்கள். துன்பத்தில் காய்ந்ததால்தான் அந்தக் குரலுக்கு அத்தனை மணம் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் ஊர்க்காரனுக்கு அப்படி நம்புவது சுலபம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் வைத்து வாட்டினால்தான் ஒரு கிலோ சரக்கு கிடைக்கும். ஆனால் வாசனை சூட்டில் பிறப்பதில்லை. அது பச்சைக்காயிலேயே இருக்கிறது. சூடு மிஞ்சினால் காய் வெடித்து, இருந்த வாசனையும் போய்விடும். கிட்டப்பாவின் குரலும் குடிக்கு முன்பே இருந்தது. குடி அவருக்கு ஒரு ஸ்வரத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

இது இன்று எனக்குத் தெரிகிறது. பதினெட்டு வயதில் தெரியவில்லை. மாமா இனிமேல் குடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதம் அவர் குடிக்கவில்லை, பாடவுமில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கல்லூரிச் சிநேகிதர்கள் இருவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். மாமாவின் பாட்டைப் பற்றி அவர்களிடம் அவ்வளவு பெருமையடித்து வைத்திருந்தேன்.

“தொண்டை வரலே மாப்ளே” என்றார் மாமா.

நான் ஐம்பது ரூபாயை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து பாடினார். நன்றாகக்கூட இல்லை. இரண்டு இடத்தில் சுருதி விலகிற்று. ஆனாலும் “ஒன்ஸ்மோர்!” என்று கத்தினேன். கத்தியவர்களில் நான்தான் முதல்வன்.

அடுத்த வருஷம் மாமா இல்லை. அத்தை ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலைக்குப் போனாள்.

கிட்டப்பா போனபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935-ல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அந்த நாளில் நாடே பேசிய தொகை. 1953-ல் ஔவையாரானார். 1980 வரை வாழ்ந்தார். அவர் கதையை யாரும் “மேதைகள் அப்படித்தான்” என்று முடிப்பதில்லை. அவரும் மேதைதான். விடிந்தால் எழுந்து வேலைக்குப் போன மேதை.

போன வருஷம் போடிக்குப் போயிருந்தபோது, அத்தைக்காகக் கைப்பேசியில் கிட்டப்பாவின் பாட்டைப் போட்டேன். திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். அது முடிந்த பிறகுதான் ஐம்பது ரூபாய் விஷயத்தைச் சொன்னேன். இத்தனை வருஷமும் சொல்லாமல் வைத்திருந்தது.

“தெரியும்பா” என்றாள் அத்தை. “மறுநா சட்டையைத் தொவைக்க எடுத்தேன். பையில மீதிச் சில்லறை கெடந்துச்சு. அந்த மனுசன்கிட்ட ஏது காசு?”

எனக்குப் பேச்சு எழவில்லை. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். விரல் நுனிகளில் இன்னும் ஏலக்காய் வாசனை இருந்தது.

“அந்த அம்மா பாடுனது இருந்தாப் போடு. அதைக் கேப்போம்” என்றாள்.