அப்பா சொன்ன கதை

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தாமிரபரணி கரைபுரண்டு வந்ததை நம் கல்லூரியில் எவரும் மறந்திருக்க முடியாது. வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வெள்ளம் வடிந்து, சேற்றையெல்லாம் அள்ளிக் கொட்டிய பின், தப்பியது என்னவென்று பார்க்கப் பரணில் ஏறினேன். பழைய குத்துவிளக்குக்கும் சைக்கிள் பம்புக்கும் நடுவே ஒரு வீடியோ கேசட் கிடந்தது. அதன் மேல் மறைந்த என் தந்தையாரின் கையெழுத்து: "யே ஜோ ஹை ஜிந்தகி. வெள்ளிக்கிழமை. அழிக்கக் கூடாது."

மாணவ நண்பர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். 1984-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய இந்தி நகைச்சுவைத் தொடர் அது. 'இதுதான் வாழ்க்கை' என்பது போலப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். சரத் ஜோஷி எழுத, குந்தன் ஷா முதலியோர் இயக்கினர். கணவன் ரஞ்சித்தாக ஷஃபி இனாம்தார், மனைவி ரேணுவாக ஸ்வரூப் சம்பத், வேலையின்றி அவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கும் ராஜாவாக ராகேஷ் பேடி. சதீஷ் ஷாவோ வாரத்துக்கு ஒரு வேடத்தில் வருவார்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதன் தமிழ் நிகழ்ச்சிகள் அந்நாளில் எங்கள் வீட்டுப் பெட்டியை எட்டவில்லை. வந்ததெல்லாம் தில்லியின் இந்திதான். தட்டட்டியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினால் சில இரவுகளில் இலங்கையின் ரூபவாகினி தெரியும்.

வீட்டில் இந்தி அறிந்தவர் இல்லை என்றே நான் எண்ணியிருந்தேன். அப்பாவோ 1965 ஜனவரியில் மாணவராக இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்தவர். அவர் வெள்ளிதோறும் இரவு ஒன்பது மணிக்கு இந்தித் தொடரின் முன் உட்கார்ந்ததுதான் விந்தை! "ஏய்யா, அவன் என்ன சொல்லுதான்?" என்று ஆச்சி கேட்பாள். அப்பா சற்றும் தயங்காமல் கதை சொல்லுவார். சதீஷ் ஷா ஒரு வாரம் வட்டிக்கடை அண்ணாச்சி ஆவார். மறுவாரம் ஜங்ஷன் பஸ் கண்டக்டர் ஆவார். ரஞ்சித்தின் மேலதிகாரியாக வரும் டிக்கு தல்சானியா அடிக்கடி சொல்லும் "யே க்யா ஹோ ரஹா ஹை" என்ற ஒரு வாக்கியம் மட்டும் அப்பாவுக்கு மனப்பாடம். மின்சாரம் போனால் இருட்டில் அதை முழங்குவார். வளவே சிரிக்கும்.

அப்பாவின் கதையில் ராஜா, ரஞ்சித்தின் உடன்பிறந்த தம்பி. "அவனுக்கு வேலை கிடைக்கல. அண்ணன்காரன் ஏசுதான். ஆனா விட்டுக்கொடுக்க மாட்டான்" என்பார். அப்போது எங்கள் வீட்டு வாசற்படியில் சித்தப்பா உட்கார்ந்திருப்பார். 1982-இல் பம்பாய் நூற்பாலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கி, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்களே, அவர்களுள் அவரும் ஒருவர். ஊர் திரும்பி மூன்று ஆண்டுகளாகியும் வேலை அமையவில்லை. அப்பாவின் ஒற்றைச் சம்பளத்தில் ஏழு பேர் சாப்பிட்டோம். 'தண்டச்சோறு' என்ற சொல் ஆச்சியின் வாயிலிருந்தே வந்ததுண்டு. அதே ஆச்சி தொடர் பார்த்த சில வாரங்களில் ராஜாவின் கட்சி ஆகிவிட்டாள். "பாவம், அவனுக்கும் ஒரு காலம் வராமலா போகும்?" என்பாள். வெள்ளிக்கிழமை இரவுகளில் சித்தப்பாவின் தட்டில் கேட்காமலேயே ஒரு தோசை கூடுதலாக விழும்.

துபாயில் இருந்த மாமா ஒரு விடுமுறையில் கொண்டுவந்து எங்களிடம் விட்டுப்போன டெக்கில்தான் அப்பா அதைப் பதிவு செய்தார். மூன்று மணி நேர நாடாவில் ஐந்து வாரக் கதை.

பரணில் எடுத்த நாடாவில் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது. போட்டுப் பார்க்கக் கருவியும் இல்லை. கடைசியாக அதைச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாயும் 2016-இல் நிறுத்திவிட்டது. ஜங்ஷன் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துவந்த பெரியவர் ஒருவர், பழைய டெக்கைப் பழுதுபார்த்து, பஞ்சால் பூஞ்சையைத் துடைத்துத் துடைத்து, பென்டிரைவில் ஏற்றித் தந்தார். அதுவும் மேசைக்குள்ளேயே கிடந்தது. 2025 அக்டோபர் 25 அன்று சதீஷ் ஷா காலமான செய்தி கேட்ட பிறகே, அம்மாவை அருகில் உட்கார வைத்துப் பார்த்தேன்.

ஆய்வுப் படிப்புக்காகத் தில்லியில் ஐந்தாண்டு இருந்ததால் எனக்கு இப்போது இந்தி தெரியும். புறப்பட்டபோது அப்பா, "திணிச்சாத்தான்டா கசக்கும். தேவைக்குப் படிக்கிறது சொத்து" என்று சொல்லியனுப்பினார். அந்தச் சொத்து அன்று எனக்கு ஒன்றைக் காட்டியது. ராஜா ரஞ்சித்தின் தம்பி அல்லன், ரேணுவின் தம்பி! நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் உறவுமுறையே மாறியிருந்தது. "அப்பா தப்பாப் புரிஞ்சிருக்காங்கம்மா" என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "உங்க சித்தப்பாகிட்ட கேளு" என்றாள்.

தூத்துக்குடியில் இருக்கும் சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "பம்பாயில இருந்தவனுக்கு இந்தி தெரியாமலா இருக்கும்? மொத வாரமே அண்ணன்கிட்ட சொன்னேன், அவன் பொண்டாட்டிக்குத் தம்பின்னு. 'நீ சும்மா இருல. அம்மாவுக்கு இப்படியே இருக்கட்டும்'னுட்டாக."

அன்றிரவு ஐந்து வாரக் கதையையும் பார்த்து முடித்தேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. வாய்விட்டுச் சிரிக்கவும் சிரித்தேன், நல்ல தொடர்தான். ஆனால் ஆச்சியின் கேள்விக்குப் பதில் சொன்ன அந்தக் குரல் நாடாவில் பதிவாகவில்லை. நான் மொழியைக் கற்றேன். அப்பாவோ மொழி தெரியாமலேயே, வீட்டில் யாருக்கு எந்தச் சொல் தேவை என்பதைத் தெரிந்து வைத்திருந்தார். வகுப்பறையில் நின்று சொல் விளக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்.